சிவப்புப் புள்ளி வைத்தால் குறி தப்பாதா?
ஓசூர் லேத்துப் பட்டறைக்கும் துப்பாக்கிக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் மாடியில் ஒளிந்து நிற்பான். கீழே கதாநாயகன் நடந்து வருவான். அவன் சட்டையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்து விழும். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் புள்ளி லேசர் ஒளி. எதிரில் நிற்பவர் கண்ணுக்கும் அது தெரியும்.

பல நாடுகளில் போலீசாரும் ராணுவத்தினரும் இப்போது உபயோகிக்கிற சிவப்புப் புள்ளி வேறு. அது சுடுகிறவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். துப்பாக்கியின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கண்ணாடி உட்கார்ந்திருக்கும். அதன் வழியே பார்த்தால், எதிரே உள்ள பொருளின் மேல் பொட்டு வைத்ததுபோல ஒரு புள்ளி தெரியும். இதற்கு ‘ரெட் டாட் சைட்’ என்று பெயர்.

புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு பாயும். அப்படித்தானே?

இல்லை! புதிதாக வாங்கி மாட்டிய அன்று புள்ளி ஓர் இடத்தைக் காட்டும். குண்டு வேறோர் இடத்துக்குப் போகும். இரண்டையும் ஒன்றுசேர்க்க ஒரு வேலை செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ‘ஜீரோ செய்வது’ என்று பெயர். பிழையைப் பூஜ்யம் ஆக்குவது என்று அர்த்தம்.

கையளவுத் துப்பாக்கியில் நடக்கும் இந்தச் சின்ன வேலையைப் புரிந்துகொண்டால், ஓசூரின் பெரிய பிரச்சினை ஒன்று விளங்கிவிடும்.

ஓசூருக்கு வந்த பெயர்

2018 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ராணுவத் தளவாடங்களை உள்நாட்டிலேயே செய்வதற்காக இரண்டு ‘தொழில் வழித்தடங்கள்’ அமைக்கப்படும் என்பதே அது. ஒன்று உத்தரப்பிரதேசத்தில். மற்றொன்று தமிழ்நாட்டில்.

2019 ஜனவரி 20-ந் தேதி திருச்சியில் தமிழ்நாட்டு வழித்தடத்தை அப்போதைய ராணுவ மந்திரி நிர்மலா சீதாராமன் தொடங்கி வைத்தார். சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் ஆகிய ஐந்து ஊர்கள் அதில் சேர்ந்தன.

வழித்தடம் என்றதும் புதிய ரோடு என்று எண்ண வேண்டாம். இந்த ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளும் பட்டறைகளும் ராணுவத்துக்கு வேண்டிய பொருள்களைச் செய்ய ஊக்கம் தரும் ஏற்பாடு அது. இதைக் கவனிக்கும் பொறுப்பு ‘டிட்கோ’ என்ற தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கிறது.

2022-ல் தமிழக அரசு இதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. பத்து ஆண்டுகளில் ரூ.75 ஆயிரம் கோடி முதலீடு. ஒரு லட்சம் பேருக்கு வேலை. இதுதான் அதில் சொன்ன இலக்கு.

ஓசூருக்கு இந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்துதான் ரோட்டுக்கு வந்தது. அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. டாட்டாவும் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் கைக்கடிகாரங்கள் ஓசூரில்தான் உருவாயின. இந்தப் பெரிய ஆலைகளை நம்பி எத்தனையோ சிறு பட்டறைகள் முளைத்தன.

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையும், 1954-ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸும் அங்கே இருக்கின்றன.

ஆகவே ஊர் தயார். பெயரும் வந்துவிட்டது. ஆனால் பெயர் வந்தால் ஆர்டர் வந்துவிடுமா? இரண்டு யந்திரம் போட்டு, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பட்டறைக்காரருக்கு இதில் பங்கு கிடைக்குமா?

அதற்குப் பதில் சிவப்புப் புள்ளியில் இருக்கிறது.

கண்ணாடியின் கதை

பழைய துப்பாக்கியில் குறி பார்க்கிற முறை என்ன? பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். முன்னால் ஒரு சின்ன முளை இருக்கும். பள்ளத்தின் நடுவே முளை தெரிய வேண்டும். முளையின் நுனியில் இலக்கு உட்கார வேண்டும்.

ஆக, கண் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பக்கத்தில். ஒன்று சற்றுத் தள்ளி. ஒன்று தூரத்தில். மனிதக் கண்ணால் மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டால் முளையே மங்கலாகிவிடும்.

இந்தக் கஷ்டத்துக்கு முதலில் வழி கண்டவர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த ஹோவர்டு கிரப். வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகள் செய்வதில் கெட்டிக்காரர். 1900-ல் அவர் ஒரு யுக்தியை வெளியிட்டார்.

சாய்ந்த கண்ணாடியில் ஒரு சிறு வெளிச்சத்தைப் பிரதிபலிக்கச் செய்தார். பார்க்கிறவருக்கு அந்த வெளிச்சம் கண்ணாடியில் இருப்பதாகத் தோன்றாது. வெகு தூரத்தில், இலக்கின் மேலேயே இருப்பதாகத் தோன்றும்! ஆகவே இலக்கை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டை விமானங்கள் இந்த முறையைக் கொண்டே குறி பார்த்தன.

1970 நவம்பரில் வடவியட்நாமின் சோன் தாய் சிறைமுகாமுக்குள் அமெரிக்க வீரர்கள் இரவில் புகுந்தார்கள். அதற்கான பயிற்சியில் இருட்டில் குறி தவறிக்கொண்டே இருந்தது. கடையில் விற்ற ஒரு புள்ளிக் கருவியை வாங்கி மாட்டினார்கள். உடனே குறி திருந்தியது.

1975-ல் சுவீடன் நாட்டின் ‘ஏம்பாயிண்ட்’ கம்பெனி, பேட்டரியில் எரியும் சிறு விளக்கை வைத்து இன்றைய சிவப்புப் புள்ளிக் கருவியைக் கொண்டுவந்தது. பிறகு அது சிறுத்துச் சிறுத்து, கைத்துப்பாக்கியின் மேல் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தில் போடுவதுபோன்ற வட்ட பேட்டரிதான் அதற்குத் தீனி!

ஒரு தலைமுடி செய்யும் வேலை

இந்தக் கருவியைத் துப்பாக்கியின் மேல் வைத்துத் திருகாணியால் முடுக்குகிறார்கள். கருவியின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்.

முடுக்கும்போது அதன் ஒரு முனைக்கு அடியில் ஒரு தலைமுடி சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு என்று கொள்வோம்.

அந்த முடியினால் 25 மீட்டர் தூரத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும் தெரியுமா? நாலு சென்டிமீட்டருக்கு மேல்!

இலக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குப் பிழை வளர்ந்துகொண்டே போகும். 50 மீட்டரில் அது இரண்டு மடங்கு.

இன்னொரு விஷயம். கண்ணாடி மேலே இருக்கிறது. குண்டு வரும் குழல் அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஆகவே, எந்தத் தூரத்தில் இரண்டு கோடுகளும் சந்திக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். 25 மீட்டர் என்று தீர்மானித்தால், அங்கே புள்ளியும் குண்டும் ஒன்றாகும். மிகக் கிட்டத்தில் சுட்டால், புள்ளிக்குச் சற்றுக் கீழேதான் குண்டு படும்.

ஜீரோ செய்வது எப்படி?

உரிமம் பெற்ற சுடுதளத்தில், பயிற்சி ஆசிரியரின் மேற்பார்வையில் இது நடக்கிறது.

மேஜை மேல் மணல் மூட்டை. அதன் மேல் கையைத் தாங்கக் கொடுத்து, ஆடாமல் பிடிக்கிறார்கள். காகித இலக்கின் மையத்தில் புள்ளியை வைக்கிறார்கள். நிதானமாக ஐந்து குண்டுகள் சுடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி அதே மையத்தில்தான் இருக்க வேண்டும்.

பிறகு காகிதத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து ஓட்டைகளும் ஒரு கொத்தாக இருக்கின்றன. ஆனால் கொத்தின் நடு, மையத்துக்கு 36 மில்லிமீட்டர் கீழே, 22 மில்லிமீட்டர் வலப்புறமாக இருக்கிறது.

கருவியில் இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. ஒன்று மேலே கீழே நகர்த்தும். மற்றது இடம் வலமாக நகர்த்தும். திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பல கருவிகளில் ஒரு ‘டிக்’ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர்.

இப்போது கணக்கு சுலபம். மேலே ஐந்து டிக். இடப்புறம் மூன்று டிக். மறுபடி ஐந்து குண்டு. கொத்து மையத்தில் வந்து உட்காருகிறது. ஜீரோ ஆகிவிட்டது!

சிதறினால் தொடாதே

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது.

ஐந்து ஓட்டைகளும் கொத்தாக இல்லாமல், ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று காகிதத்தின் ஓரத்தில் என்று சிதறியிருந்தால் என்ன செய்வது?

புதிதாகக் கற்பவர் உடனே திருகைப் பிடித்துத் திருகுவார். அடுத்த குண்டு வேறெங்கோ போகும். மறுபடி திருகுவார். பெட்டி குண்டும் தீர்ந்துவிடும். குறி மட்டும் வராது.

அனுபவசாலி திருகைத் தொடவே மாட்டார். முதலில் காரணத்தைத் தேடுவார். கருவியை முடுக்கிய ஆணி தளர்ந்திருக்கிறதா? குண்டுகள் ஒரே ரகமா? விசையை இழுக்கும்போது கை உதறுகிறதா? சத்தத்துக்குப் பயந்து கண் மூடுகிறதா?

கொத்தாக ஓரிடத்தில் விழும் தவறைத் திருத்தலாம். சிதறும் தவறுக்கு எந்தத் திருகும் மருந்தாகாது. இதுதான் அந்தப் பாடம்.

துப்பாக்கியில் இது விளையாட்டான விஷயம் அல்ல. கூட்டம் நிறைந்த பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் சுட வேண்டிய கட்டாயம் வரலாம். குறிக்குப் பக்கத்தில் ஒரு தாயும் குழந்தையும் நிற்கலாம். குழலை விட்டுக் கிளம்பிய குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது.

ஒலிம்பிக் வீராங்கனைகளுக்கும் இந்த வேலை உண்டு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பந்தயத்தில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் பந்தயத்தில் சிவப்புப் புள்ளிக்கு அனுமதியே கிடையாது. பழைய பள்ளமும் முளையும்தான். இலக்கின் நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு! பந்தயம் தொடங்குமுன் ‘பார்வை குண்டுகள்’ சுட்டு, துப்பாக்கியைச் சரிசெய்துகொள்ள நேரம் தருவார்கள்.

பட்டறையிலும் அதே பாடம்

இப்போது ஓசூர் பட்டறைக்கு வருவோம்.

ஒரு கம்பெனி ஐந்நூறு இரும்பு வளையம் கேட்டிருக்கிறது. அளவு 20 மில்லிமீட்டர். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் கூடாது. வேலை ஓடுகிறது. உதவியாள் மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு முகம் வாடி வருகிறான்.

“அண்ணே, பத்து பீஸ் அளந்தேன். பத்தும் ஒரே மாதிரி பெருசா வருது.”

“ஒரே மாதிரின்னா கவலை இல்லை தம்பி. டூலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினா சரியாயிடும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு வந்தாத்தான் மெஷினையே பிரிக்கணும்.”

சுடுதளத்தில் நடந்ததும் இதுதானே! எல்லாம் ஒரே மாதிரி தவறினால் ஒரு திருகு போதும். ஆளுக்கு ஒரு பக்கம் தவறினால் அடிப்படையிலேயே கோளாறு.

ராணுவத்துக்குப் பொருள் வாங்குகிறவர்கள் பார்ப்பது இதைத்தான். ஒரு நல்ல சாமானை எந்தக் கெட்டிக்காரரும் செய்துவிடலாம். முதல் சாமானும் பத்தாயிரமாவது சாமானும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதைச் சோதித்து, ‘ஆம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மோட்டார் ஆலைகளுக்குப் பல்லாண்டுகளாக உதிரிபாகம் செய்து பழகிய ஓசூர்க் கைகளுக்கு இது புதிதல்ல.

அப்படியானால் முட்டுக்கட்டை எங்கே?

சோதனையும் காசும்

முதல் முட்டுக்கட்டை சோதனை. ஒரு துப்பாக்கிக் கண்ணாடி குலுங்கினாலும், நனைந்தாலும், வெயிலில் காய்ந்தாலும் புள்ளி நகரக்கூடாது. இதையெல்லாம் சோதிக்கிற கருவிகளுக்கு விலை அதிகம். சிறு பட்டறைக்காரர் தம் சொந்தக் காசில் வாங்க முடியாது.

இதற்காக 2020-ல் மத்திய சர்க்கார் ரூ.400 கோடியில் ஒரு திட்டம் வகுத்தது. பொதுச் சோதனைக் கூடம் அமைக்க முக்கால் பங்கு வரை சர்க்கார் பணம் தரும். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் மூன்று கூடங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவற்றில் ஒன்று ஒளிக் கருவிகளைச் சோதிப்பதற்கு. அதற்குத் தலைமை தாங்குவது டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா ஆப்டெல் என்ற சர்க்கார் கம்பெனி. துப்பாக்கிக் கண்ணாடியும் ஓர் ஒளிக் கருவிதான்.

இரண்டாவது முட்டுக்கட்டை காசு. ராணுவ ஆர்டர் மெதுவாக வரும். மாதிரி செய்ய வேண்டும், சோதனைக்கு அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். அதுவரை மாதச் சம்பளமும் கரண்டு பில்லும் காத்திருக்குமா?

சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர்கள் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் தர வேண்டும். ஆனால், பெரிய வாடிக்கையாளரிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் சிறியவருக்கு எப்போதும் உண்டு.

தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில், ராணுவ வீரர்களின் துப்பாக்கிகளுக்கு இரவிலும் குறி பார்க்கும் கருவிகள் வாங்க ரூ.659 கோடிக்கு ஒப்பந்தம் ஆனது. அதுவும் இந்தியக் கம்பெனிகளோடு. 2024-25-ம் ஆண்டில் இந்தியாவின் ராணுவத் தளவாட ஏற்றுமதி ரூ.23,622 கோடி. பணம் புரள்கிறது. அதில் ஒரு சிறு வாய்க்கால் ஓசூர்ப் பட்டறை வரை வெட்டப்பட வேண்டும்.

காட்டோரத்துத் துப்பாக்கி

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொரு வகைத் துப்பாக்கியும் இருக்கிறது. அதற்குக் கண்ணாடியும் இல்லை, கணக்கும் இல்லை.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் பக்கம் காடு அடர்ந்தது. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அங்கே இருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சாக்கிட்டும், திருட்டு வேட்டைக்கும் சிலர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒப்படைத்துவிடும்படி போலீசார் பலமுறை அழைப்பு விடுத்திருக்கிறார்கள். பலர் ஒப்படைத்தும் இருக்கிறார்கள்.

வாய்வழியாக மருந்தும் ஈயமும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. ஒரு தரம் போட்ட அளவு மறு தரம் இராது. குறி சிதறும். இருட்டில் பன்றி என்று எண்ணி, கூட வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகள் நாம் பத்திரிகையில் படித்தவைதான்.

சட்டம் கண்டிப்பானது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்தின்படி ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் சிறை வரையும் போகலாம். கல்யாணத்தில், திருவிழாவில் கொண்டாட்டமாக வானத்தை நோக்கிச் சுடுவதுகூட, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆகவே, கை சுத்தமான வேலைக்காரர் யாரிடமாவது, “ஒரு குழல் மட்டும் கடைந்து கொடு, நல்ல காசு தருகிறேன்” என்று ஒருவர் வந்தால், அவரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். பட்டறைக்குப் பெயர் சம்பாதிக்க இருபது வருஷம் ஆகும். கெடுக்க ஒரு ராத்திரி போதும்.

வழித்தடத்துக்கும் ஜீரோ வேண்டும்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பழைய நடுகற்கள் ஏராளம். ஊருக்காகவும் மாட்டு மந்தைக்காகவும் உயிர் கொடுத்த வீரர்கள் வில்லும் அம்புமாக அந்தக் கற்களில் நிற்கிறார்கள். அன்று வில்லைச் செய்தவனும் அம்பை எய்தவனும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருப்பார்கள். வில் வளைந்திருந்தால் சொல்லித் திருத்திக்கொள்வார்கள்.

இன்று செய்கிறவர் ஓரிடம், சோதிக்கிறவர் ஓரிடம், உபயோகிக்கிறவர் ஓரிடம். அதனால்தான் அளவும் சோதனையும் எழுத்தும் அவசியமாகிவிட்டன.

வழித்தடம் என்ற புள்ளி ஓசூர் மேல் விழுந்துவிட்டது. குண்டு அங்கே போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை கோடி முதலீட்டுக்குக் கையெழுத்து என்பதை மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் போயிற்று, அவர்கள் கைக்குப் பணம் எத்தனை நாளில் வந்தது என்பதையும் ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். தவறு ஒரே இடத்தில் கொத்தாக இருந்தால் திருத்திவிடலாம். எண்ணிப் பார்க்காவிட்டால் தவறு எங்கே என்றே தெரியாது.

சுடுதளத்தில் யாரும் முதல் குண்டிலேயே மையத்தைத் துளைப்பதில்லை. சுட்டுவிட்டு, நடந்து போய்க் காகிதத்தைப் பார்க்கிறார்கள். ஓட்டையை மறைப்பதில்லை. அளந்து, திருகி, மறுபடி சுடுகிறார்கள்.

ஓசூர் விஷயத்திலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான்: காகிதத்தைப் பார்ப்பது!